திரும்பிப் பார்த்தால் அவுட்

குன்னூர்
9 ஜூலை 2023

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெபிஷாவுக்கு,

உன்னைத் திருச்சி ஹாஸ்டலில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். பர்லியார் தாண்டியதும் அம்மாவுக்கு வழக்கம்போல வயிற்றைப் புரட்டியது. குன்னூர்க் குளிர் முகத்தில் பட்டதும் சரியாகிவிட்டது. அங்கே வெயில் எப்படி? ஹாஸ்டல் சோறு தொண்டையில் இறங்குகிறதா?

போனில் பேசலாமே என்று கேட்டாய். நீ பேசுவதில் பாதி என் காதுக்கு வந்து சேராது. மீதியை அம்மா நடுவில் நின்று கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். காது மெஷினோ பாதி நாள் எங்கள் ஃபேக்டரி வாசலில் கிடக்கிறது. வெடிமருந்துக்குள் பேட்டரியைக் கொண்டுபோக விடுவார்களா? கடிதம் என்றால் நிதானமாக இரண்டு தடவை படிப்பேன். அதனால் எழுது.

கோத்தகிரி சில்வஸ்டர் அறக்கட்டளை வருஷத்துக்கு ஒரு மலைப் பிள்ளைக்குத்தான் வேதியியல் படிக்க உதவித்தொகை கொடுக்கிறது. இந்த வருஷம் அந்தப் பிள்ளை நீ. எம்.எஸ்ஸி. முடியும்வரை கட்டணமும் ஹாஸ்டலும் அவர்கள் பொறுப்பு. அது இல்லையென்றால் இந்தப் படிப்பு நம் வீட்டுக்கு எட்டாது என்பது உனக்கே தெரியும். லேபுக்கு ஒழுங்காகப் போக வேண்டும், கெட்ட பெயர் எடுக்கக் கூடாது. அவர்கள் கேட்பது இவ்வளவுதான்.

அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "ஒருத்தரை மருந்துக்குள்ள அனுப்பிட்டு முப்பது வருசமா ஃபேக்டரி சங்குச் சத்தத்துக்குக் காதைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். இப்ப இவளும் தீ, ஆசிட்டுன்னு கிளம்பிட்டா" என்கிறாள். நேற்றுக் காலையும் நான் டூட்டிக்குக் கிளம்பும்போது என் சட்டைப் பையைத் தடவித் தீக்குச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். அவள் பயம் அவளுக்கு.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. லேபில் எப்போதும் கதவுப் பக்கமாக இடம் பிடி. தீ என்றால் புத்தகம், பை, செருப்பு எதையும் பார்க்காதே. நான் உனக்குப் பழக்கியது நினைவிருக்கட்டும்.

ஜெபத்தில் உன்னை மறவாத,
அப்பா தனசிங்


திருச்சி
23 ஜூலை 2023

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். உங்கள் சளி போய்விட்டதா? இங்கே வெயில் கொல்கிறது. என் ஸ்வெட்டரைப் பார்த்து அறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கதவை ஒட்டிய மேசையே கிடைத்துவிட்டது, அப்பா. என்னோடு சேர்ந்து வேலை செய்பவள் அனுராதா. எந்த ஊர் தெரியுமா? குந்தா! அவள் அப்பா மின்வாரியத்தில் இருக்கிறார். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு மலைக்காரியைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முதல் நாள் லேபுக்குள் நுழையும்போது என்னை அறியாமல் அம்மா மாதிரியே அவள் கோட் பையைத் தடவிப் பார்த்துவிட்டேன். "ஏய், என்ன திருடப் பாக்கறே?" என்றாள். தீக்குச்சி என்றேன். அன்று முழுக்க என்னைத் 'தீப்பெட்டி' என்றே கூப்பிட்டாள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் சங்கு ஊதுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சங்குச் சத்தம் காதில் விழுந்ததும் எச்சில் கையோடு, வெறுங்காலோடு ஹாஸ்டல் கேட்டில் போய் நின்றேன். எப்படி வந்தேன் என்றே எனக்குத் தெரியாது. அனுதான் தேடி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

அவளுக்கு நம் வீட்டு விளையாட்டைச் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் தட்டைத் தட்டி "தீ!" என்று கத்துவீர்கள், நானும் ஸ்டெபின் அண்ணனும் கேட் வரைக்கும் ஓட வேண்டும், திரும்பிப் பார்த்தால் அவுட், ஜெயித்தால் தேன் மிட்டாய். அண்ணன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்றும் சொன்னேன். அம்மா வருகிறார்களா என்று அவன் திரும்பிப் பார்த்துவிடுவான். "எல்லா மிட்டாயும் உனக்குத்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன்.

உங்கள்,
ஜெபி


குன்னூர்
13 ஆகஸ்ட் 2023

என் பிரியமான பாப்பாவுக்கு,

சளி போய் இருமல் வந்திருக்கிறது. அதுவும் போய்விடும். உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். சங்குக்கு நீ ஓடியதைக் கேட்டு ஸ்டெபின் திருப்பூரிலிருந்து போனில் சிரித்தானாம். சிரிக்கட்டும். எத்தனை அடி வாங்கியும் திரும்பிப் பார்ப்பதை விடாத பயல் அவன். ஓடியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் ஏன் அப்படிப் பழக்கினேன் என்று புரியும்படி சொல். எங்கள் இடத்தில் மருந்து பற்றிக்கொண்டால் யாரும் நின்று அணைக்க முடியாது. நிற்கிறவனும் சேர்ந்து போவான். ஓடுகிறவன் பிழைப்பான், பின்னால் வருகிறவனுக்கு வழியும் விடுவான். அதனால்தான் ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் இத்தனை பேர்தான் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். உன் கால் யோசிக்காமல் ஓட வேண்டும் என்றுதான் சோற்று நேரத்தில் கத்தினேன்.

இத்துடன் வர்க்கி அனுப்பியிருக்கிறேன். பாதி குந்தாக்காரிக்கு. அவளை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா


திருச்சி
17 செப்டம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா?

வர்க்கி வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை அதிகம். ஹாஸ்டலில் படுக்கையை மாற்றிக்கொண்டேன், இப்போது கதவோரம். காற்று நன்றாக வருகிறது. அனு விடுப்பில் ஊருக்குப் போயிருக்கிறாள்.

அப்பா, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் இடத்தில் ஓடி வந்தவரை, நீ ஏன் ஓடினாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

ஜெபிஷா


குன்னூர்
1 அக்டோபர் 2023

பிரியமான பாப்பா,

என்ன கடிதம் அது? தந்தி மாதிரி இருந்தது. நலமா என்று நான் கேட்பதும் நலம் என்று நீ எழுதுவதும் வெறும் சடங்காகிவிடக் கூடாது.

அதைப் படித்ததும் என்னவோ ஆகியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். நேற்று விடை கிடைத்துவிட்டது. சில்வஸ்டர் அறக்கட்டளையிலிருந்து செயலாளர் பிராங்ளின் சார் எழுதியிருக்கிறார். லேபில் தீப்பிடித்ததாம், உடன் படிக்கும் மாணவிக்குக் கையில் காயமாம், எங்கள் மகள் "சமயோசிதமாக விரைந்து ஓடி உதவிக்கு ஆள் அழைத்து" அவளைக் காப்பாற்றினாளாம். உங்கள் துறைத் தலைவி ஈவ்லின் மேடம் அப்படி அறிக்கை கொடுத்திருக்கிறார். ஜனவரியில் கோத்தகிரியில் நடக்கும் விழாவில் உன்னை மேடையேற்றிப் பதக்கம் கொடுக்கப்போகிறார்கள்.

ஏன் பாப்பா எங்களிடம் சொல்லவில்லை? அம்மா பயப்படுவாள் என்றா? முதலில் அழத்தான் செய்தாள். பிறகு அந்தக் கடிதத்தைச் சர்ச்சுக்கு எடுத்துப்போய்ப் பாதிரியாரிடம் காட்டிவிட்டு வந்தாள்.

காயம்பட்டது அனுராதாதான் என்று ஊகித்துவிட்டேன். மலைக்காரப் பெண், நம் பிள்ளையின் சிநேகிதி. வருகிற ஞாயிறு குந்தாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பெருமையுடன்,
அப்பா


திருச்சி
6 அக்டோபர் 2023

அப்பா,

குந்தாவுக்குப் போகாதீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். அவள் ஓய்வில் இருக்கிறாள், யாரையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மழை வேறு. உங்களுக்கு இருமல்.

பதக்கத்தைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஜெபி


குன்னூர்
15 அக்டோபர் 2023

அன்புள்ள ஜெபிஷாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. நான் ஞாயிறே போய் வந்துவிட்டேன்.

ஊட்டி போய் மஞ்சூர் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் பனிமூட்டம், முன்னால் போகும் வண்டி தெரியவில்லை. மின்வாரியக் குடியிருப்பில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் அப்பா இராஜமாணிக்கம் குடையோடு வாசலுக்கே ஓடி வந்தார். "ஏனுங்க, மழைல நிக்கறீங்க? உள்ள வாங்க. ஜெபிஷா அப்பாங்களா? புள்ள எப்பவும் உங்க ஊட்டுக் கதையத்தானுங்க சொல்லுவா" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு வலது கை தோள் வரை கட்டு. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கழுத்தோரம் சிவந்திருக்கிறது. நான் போனதும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். கொண்டுபோன வர்க்கியை இடது கையால் பிட்டுத் தின்றாள். நான் உன் பெயரை எடுத்ததும், "ஜெபி ஆள் கூப்பிடத்தான் ஓடினா, அங்கிள்" என்றாள். நான் ஒன்றுமே கேட்பதற்கு முன்பே சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

யார் முதலில் வந்தது என்று கேட்டேன். இராஜமாணிக்கம் சொன்னார்: "அட்டெண்டருங்க. எட்மண்டுன்னு பேரு. புள்ள கத்துன கத்துல மேல்மாடில இருந்து எறங்கி ஓடியாந்திருக்காரு. மவராசன் நல்லாருக்கோணும்."

என் காது மந்தம்தான், ஜெபிஷா. ஆனால் இது காதில் விழுந்தது. நீ யாரையும் கூப்பிடவில்லை.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயே எழுது. என்ன நடந்தது என்று எழுது.

அப்பா


திருச்சி
12 நவம்பர் 2023

அப்பாவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நான் சுகமாக இல்லை. இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இன்று தீபாவளி. வெளியே வெடி வெடிக்கிறார்கள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அனு பெட்ரோலியம் ஈதர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெட்ரோலைவிடச் சீக்கிரம் பற்றிக்கொள்வது அது. பக்கத்து மேசையில் ஹாட்பிளேட் அணைக்காமல் இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. புஸ் என்று ஒரு சத்தம். அவள் கோட்டின் கை எரிந்தது. அவள் கத்தவில்லை, முதலில் என்னைப் பார்த்து "ஜெபி" என்றுதான் சொன்னாள். சாதாரணமாகக் கூப்பிடுகிற மாதிரி.

நான் கதவுப் பக்கம் நின்றேன். நீங்கள் சொன்ன இடம். ஓடினேன் அப்பா. படி இறங்கி, வராந்தா தாண்டி, மெயின் கேட் வரைக்கும். கத்தல் அப்புறம்தான் கேட்டது. அப்போதும் திரும்பவில்லை. வாட்ச்மேன் தோளைப் பிடித்து நிறுத்தி "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார். நாக்கு அசையவில்லை. குனிந்து பார்த்தேன், காலில் செருப்பு இல்லை.

தீப் போர்வை எங்கே மாட்டியிருந்தது தெரியுமா? கதவுக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற இடத்தில். அட்டெண்டர் அண்ணன் வந்து அதைத்தான் இழுத்து அவளைச் சுற்றினார். அது அங்கே இருந்தது எனக்குத் தெரியும். முதல் நாளே காட்டினார்கள்.

ஈவ்லின் மேடம் கேட்டுக்கு வந்து, "ஹெல்ப்புக்குத்தானே ஓடி வந்தே?" என்றார். நான் தலையாட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தலையாட்டல்தான் இப்போது பதக்கம் வரை வந்திருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. லேப் வாசல் வரை போகிறேன், அந்த வாசனை வந்ததும் உள்ளங்கை வியர்த்துத் திரும்பி வந்துவிடுகிறேன். காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அனு திரும்பி வந்து எல்லோரிடமும் சொல்லிவிடுவாளோ என்று பயம். சொல்லாமலே இருந்துவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். உதவித்தொகை நின்றுவிடும் என்று பயம். சில சமயம் அது நின்றால் நல்லது, வீட்டுக்கு வந்துவிடலாம் என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது என்னை நினைத்தே எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் என்ன மனுஷி, அப்பா?

ஜெபி


குன்னூர்
19 நவம்பர் 2023

என் கண்ணு ஜெபிக்கு,

முதலில் சாப்பிடு. படிப்பதற்கு முன்னால் போய் எதையாவது சாப்பிட்டுவிட்டு வா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குந்தாவிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே எண்ணம்தான். அந்தப் பெண்ணும் சொல்லவில்லை, இவளும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? உதவித்தொகை போய்விட்டால் உன் படிப்பு அத்தோடு நின்றுவிடும் என்று பயந்தேன். பயம் வந்தால் மனுஷன் இப்படியெல்லாம் யோசிக்கிறான். நீ மட்டும் என்ன விதிவிலக்கா?

வியாழக்கிழமை எங்கள் கட்டடத்தில் அலாரம் அடித்தது. நானும் ஓடினேன். இந்த வயதிலும் இளவட்டங்களைத் தாண்டிக்கொண்டு போனேன். கட்டடத்தைச் சுற்றியுள்ள மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கூடினதும் வழக்கம்போல ஆள் கணக்கு எடுத்தார்கள். "உள்ள யாரு? உங்கூட இருந்தது யாரு?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். என்னோடு நின்ற தீபக்கைக் காணவில்லை. மூச்சு இரைக்க இரைக்க, "தீபக் உள்ள இருக்கான்" என்று கத்தினேன். தீயணைப்புக்காரர்கள் உடனே கிளம்பினார்கள். அவன் மறுபக்கக் கதவால் வந்து நின்றுகொண்டிருந்தான். தீயும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒயர் கோளாறு.

ஆனால் அங்கே நின்றபோதுதான் புரிந்தது. நாங்கள் ஓடுவது பாதி வேலைதான். ஓடி வந்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்வது மீதி. அதைச் சொல்லாமல் நிற்கிறவனை எங்கள் இடத்தில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். நம் வீட்டு விளையாட்டில் முதல் பாதியை மட்டும் பழக்கிவிட்டு மிட்டாய் கொடுத்துவிட்டேன்.

நீ ஓடியதற்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நான் பழக்கிய கால். வாட்ச்மேன் கேட்டபோது "அனு உள்ள இருக்கா" என்று நீ சொல்லாமல் போனது வாய் அடைத்ததால். அதையும் விட்டுவிடுகிறேன். அதன் பிறகு தலையாட்டியதும், இத்தனை நாள் சும்மா இருந்ததும் உன்னுடையது.

ஆள் கணக்கை இப்போதாவது கொடு. ஈவ்லின் மேடத்திடம் போய்ச் சொல். அறக்கட்டளைக்கு எழுது. அவர்கள் நிறுத்தினால் நிறுத்தட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். சர்ச்சுக்குப் போய்ப் பாதிரியாரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். அவள் அழவில்லை. "புள்ளைக்கு ஒரு காயமும் இல்லைல்ல?" என்று மட்டும் கேட்டாள், பிறகு அந்தக் குந்தாப் பிள்ளையை நினைத்து அழுதாள்.

உன்னை விட்டு ஓடாத,
அப்பா


திருச்சி
10 டிசம்பர் 2023

மதிப்பிற்குரிய அங்கிளுக்கு,

அனுராதா வணக்கம் சொல்லி எழுதுவது. ஆன்ட்டி நலமா? இடது கையால் எழுதுகிறேன், கோழி கிண்டிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்கள் மெதுவாக மடங்கத் தொடங்கியிருக்கின்றன.

போன வாரம் கல்லூரிக்குத் திரும்பினேன். அதற்கு முன்பே ஜெபி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "நான் உதவிக்குப் போகல, பயந்து ஓடினேன். அனுவை விட்டுட்டு ஓடினேன்" என்றாளாம். சிலர் அவளோடு பேசுவதில்லை.

நான் ஏன் மறைத்தேன் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். அவளே சொல்கிறாளா என்று பார்க்க நினைத்தேன். அவள் ஒரு கடிதம்கூட எழுதாமல் இருந்த ஒவ்வொரு நாளும் எனக்கு ஆத்திரம் ஏறியது. இப்போதும் முழுக்கத் தீரவில்லை. அவளிடமும் அதைச் சொன்னேன். அழுதாள். நானும் அழுதேன்.

ஆனால் வேறு யாரோடும் எனக்கு லேபில் நிற்க முடியவில்லை. பர்னரைப் பற்றவைத்தால் என் கால் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிடுகிறது. அவளுக்குக் கால் ஓடுகிறது, எனக்கு நின்றுவிடுகிறது. இது அவள் ஒருத்திக்குத்தான் புரிகிறது. அதனால் அதே மேசைக்குப் போனோம். கதவுப் பக்கம் நான் நின்றுகொண்டேன். அவள் உள்பக்கம் போனாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

நீங்கள் மழையில் வந்ததை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
அனுராதா


திருச்சி
28 ஜனவரி 2024

என் அன்பான அப்பாவுக்கு,

இருமல் முழுக்கப் போய்விட்டது என்று அம்மா சொன்னார்கள், நிம்மதி. ஊரில் உறைபனியாமே, காதை மூடிக்கொண்டு போங்கள். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நான் எழுதிய கடிதத்துக்குப் பிராங்ளின் சாரிடமிருந்து பதில் வந்துவிட்டது. பதக்கம் இல்லை, மேடை இல்லை. உதவித்தொகையை இந்தக் கல்வியாண்டு முடியும்வரை நிறுத்தமாட்டார்களாம். அதற்குப் பிறகு தருவதா என்று லேப் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். "உண்மையை எழுதியதற்கு நன்றி" என்று கடைசியில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் பல தடவை படித்தேன்.

புதன்கிழமை கல்லூரியில் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் விபத்துக்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. மைதானத்தில் ஒரு தகரத் தட்டில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். இரண்டு இரண்டு பேராகப் போய்ப் போர்வையால் மூட வேண்டும். இதை முடித்தால்தான் எங்கள் லேப் அறிக்கையில் கையெழுத்துப் போடுவேன் என்று ஈவ்லின் மேடம் சொல்லிவிட்டார். காலையில் நானும் அனுவும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

எங்கள் முறை வந்தது. போர்வையின் ஒரு முனையை அவளும் ஒரு முனையை நானும் பிடித்தோம். தீயணைப்புக்காரர் தீயைப் பற்றவைத்தார். புஸ் என்று அதே சத்தம்.

நான் ஓடிவிட்டேன், அப்பா.

போர்வையைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கேட் தெரிகிறது. காற்று காதில் அடிக்கிறது. அனு கூப்பிடவில்லை. இந்தத் தடவை அவள் கூப்பிடவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நின்றேன். திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் போர்வை தரையில் புரள, தீயைப் பார்த்தபடி, அசையாமல். பக்கத்தில் தீயணைப்புக்காரர் இருக்கிறார், ஆபத்து ஒன்றும் இல்லை என்று என் மூளைக்குத் தெரியும். அனுவுக்கும் தெரியும். ஆனால் அவள் தனியாக நின்றாள்.

நடக்கத்தான் முடிந்தது, ஓட முடியவில்லை. தீயை நோக்கிப் போக என் காலுக்குப் பழக்கம் இல்லை. வழியெல்லாம் "அனு உள்ள இருக்கா, அனு உள்ள இருக்கா" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேனாம், பிறகு சொன்னார்கள். கீழே கிடந்த முனையை எடுத்தேன். அனு என்னைப் பார்த்தாள். "தீப்பெட்டி, கை நடுங்குதுடி" என்றாள். எனக்கும்தான் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து இறக்கினோம். கொஞ்சம் புகை வந்தது, அணைந்துவிட்டது.

மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். திங்கட்கிழமை லேப் இருக்கிறது, இப்போதே உள்ளங்கை வியர்க்கிறது. மேசையில் நான் உள்பக்கம்தான் நிற்கிறேன்.

உங்கள் விளையாட்டில் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன், அப்பா. நான் அவுட். தேன் மிட்டாயை ஸ்டெபின் அண்ணனுக்குக் கொடுத்துவிடுங்கள். அவனுக்கு நிறைய பாக்கி இருக்கிறது.

உங்கள் மகள்,
ஜெபிஷா